கல்கண்டு கொடுத்த ஊர்

என் மனைவிக்கு எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது நான் ஜெர்மனிக்குப் போனேன். எழுபதுகளின் நடுவில் நடந்தது. இப்படி ஒரு வரியில் எழுதினால் ஏதோ பெரிய படிப்புப் படித்தவன் போனது போல இருக்கும். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தறியில் உட்கார்ந்தவன் நான். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்திலிருந்து மெட்ராசுக்குப் போவதென்றாலே எனக்கு முதல் நாளே தூக்கம் போய்விடும். பஸ்ஸில் இடம் கிடைக்குமா, இறங்குகிற இடத்தை விட்டுவிடுவேனா, நான் போயிருக்கும் நேரத்தில் வீட்டில் யாருக்காவது ஏதாவது ஆகிவிடுமா என்று ஒன்று போனால் ஒன்று வரும்.

அந்த நாட்டில் ஒரு பழைய ஊரில் ஒரு மாதம் கைத்தறிக் கண்காட்சி வைத்தார்கள். ஜனங்கள் பார்க்கப் பார்க்க நெய்து காட்ட ஆள் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அதற்கு எங்கள் மச்சானைத் தேர்ந்தெடுத்தார்கள். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். எங்கள் சேலையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டையும் கோத்து நெய்வதற்குக் கோர்வை என்று பெயர். அதற்கு ஒரே தறியில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். ஒருவர் கை போகும் வேகம் மற்றவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மச்சானோடு அப்படி உட்கார்ந்து பழகியவன் நான்தான். நான் வரமாட்டேன் என்றால் அவரும் போக முடியாது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண்டாட்டி பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தால் புருஷன் பிணம் தூக்கமாட்டான், சவரம் செய்துகொள்ளமாட்டான், கடல் தாண்டமாட்டான். என் அம்மா அதைச் சொல்லித்தான் அழுதாள். எங்களுக்கு அதற்கு முன் இரண்டு தடவை தங்கவில்லை. முதலாவது மாதம் நிறைவதற்கு முன்பே போய்விட்டது. இரண்டாவது பிறந்து சில நாள் இருந்தது. அந்த இரண்டாவதுக்குத் தெருவெல்லாம் சர்க்கரை கொடுத்தோம். சர்க்கரை வாங்கிக்கொண்ட அதே பெண்கள் அந்த வாரமே துக்கம் கேட்க வந்து உட்கார்ந்தார்கள். எந்தப் பயத்தை நான் சும்மா பட்டேனோ தெரியாது, இந்தப் பயத்தைச் சும்மா படவில்லை.

மச்சானுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பதில் இருக்கும்.

"மாப்ள, கடல நீயா தாண்டப் போற? பிளேன் தாண்டப் போவுது. நீ உள்ள சும்மா குந்திக்கினு வரப் போற, அவ்ளோதான்."

"பிளேன் உள்ள நான்தானே மச்சான் இருக்கேன்?"

"அப்ப கண்ண மூடிக்கோ. கடலுக்கு இன்னா தெரியும் உள்ள யாரு இருக்கான்னு?"

கடைசியில் என்னை அனுப்பி வைத்தது என் மனைவிதான். "நீங்க இங்க இருந்தா மட்டும் இன்னா பண்ணப் போறீங்க? வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துக்கினு என்னத்தான் பயமுறுத்துவீங்க. போய்ட்டு வாங்க. எங்கண்ணன் கூடத்தானே போறீங்க" என்றாள். சரி, கடல் ஒன்று போகட்டும், சவரம் செய்யாமலாவது இருப்போம் என்று முடிவு செய்துகொண்டு தாடியோடு பிளேன் ஏறினேன். மச்சான் சொன்னபடி கண்ணையும் மூடிக்கொண்டேன்.

அந்த ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரைச் சுற்றி ஒரு கல் மதில். உள்ளே நுழைய ஒரு கோபுரம் வைத்த வாசல். எங்களுக்குப் பேச்சுக்குத் துணையாக, அங்கே இன்ஜினீயரிங் படித்துக்கொண்டிருந்த மெட்ராஸ் பையன் ஒருவனை ஏற்பாடு செய்திருந்தார்கள். அவன்தான் வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தான், இந்த வீடெல்லாம் நானூறு வருஷம், ஐந்நூறு வருஷம் ஆனவை என்று. வீடுகளின் முகத்தில் கறுத்த கட்டைகள் வெளியே தெரிந்தன. நிமிர்ந்தது, படுத்தது, குறுக்கே சாய்ந்தது என்று கட்டைகளை ஒன்றோடொன்று கோத்துச் சட்டமாக நிறுத்தி, இடையில் இருக்கும் இடத்தை மட்டும் மண்ணால் அடைத்துச் சுண்ணாம்பு பூசியிருந்தார்கள். தறிச் சட்டங்களைத் தூக்கித் தெருவில் வரிசையாக நிறுத்தி வைத்தது போல எனக்குத் தெரிந்தது. கீழ் மாடியை விட மேல் மாடி அகலம். அதனால் எதிரும் புதிருமாக இருக்கும் வீடுகள் மேலே போகப் போக நெருங்கி, இந்த வீட்டு ஜன்னலிலிருந்து அந்த வீட்டுக்கு ஒரு சொம்பு தண்ணீர் கைமாற்றலாம் போல இருக்கும். கட்டை காய்ந்து முறுக்கிக்கொண்டதில் சில வீடுகள் பக்கத்து வீட்டின் தோளில் சாய்ந்திருந்தன.

எங்களுக்குத் தங்க இடம் கொடுத்த வீடும் அப்படிச் சாய்ந்ததுதான். வீட்டுக்காரம்மா புருஷன் இல்லாதவர், வயதானவர், தனியாக இருந்தார். மாடியில் எங்கள் அறைக்குத் தரை ஒரு பக்கம் சரிந்திருக்கும். நடந்தால் கட்டை முனகும். முதல் நாள் நான் படுக்கவே இல்லை.

"மச்சான், இது வுழுந்துட்டா?"

"நானூறு வருஷமா நிக்கிது. நீ எப்ப வருவ, எப்ப வுழுலாம்னு காத்துக்கினு இருந்துதா?"

"பக்கத்து வூட்டு மேல சாஞ்சினு இருக்குதே. பக்கத்து வூட்டுக்காரன் இடிச்சிட்டான்னா?"

"நீ படு மாப்ள. நாளைக்கி நான் அவன்கிட்ட சொல்லி வெக்கறேன், என் மாப்ள ஊருக்குப் போற வரைக்கும் இடிக்காதப்பான்னு."

வாசல் நிலைக்கு மேல் இருந்த கட்டையில் எழுத்துச் செதுக்கியிருந்தது. வீட்டைக் கட்டின புருஷன் பெண்டாட்டி பெயரும், இந்த வீட்டையும் இதில் பிறப்பவர்களையும் ஆண்டவன் காக்க வேண்டும் என்ற வேண்டுதலும் அது என்று மெட்ராஸ் தம்பி படித்துச் சொன்னான். அதன் பிறகு நான் உள்ளே நுழையும்போதெல்லாம் அந்தக் கட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். வீட்டுக்காரம்மா அதைப் பார்த்துவிட்டுச் சிரிப்பார்.

பழைய தானியக் கிடங்கு ஒன்றில் எங்கள் தறியை வைத்தார்கள். எங்கள் ஊரில் தரையில் குழி வெட்டி அதில் காலைத் தொங்கவிட்டு உட்காருவோம். அங்கே கல் தரையில் குழி எப்படி வெட்டுவது? பலகையால் மேடை கட்டி, அதில் குழி போல விட்டுக் கொடுத்தார்கள். கூத்து மேடையில் ராஜா உட்கார்ந்தது போல உட்கார்ந்து நெய்தோம். குளிருக்கு அடுப்பு மூட்டினால் அந்தக் காய்ந்த சூட்டில் பட்டு இழை பட் பட்டென்று அறுந்தது. வீட்டுக்காரம்மா அதைக் கவனித்து, ஒரு தண்ணீர்ப் பாத்திரத்தைக் கொண்டுவந்து அடுப்பின் மேல் வைத்தார். ஆவி பரவியதும் இழை அடங்கியது. தினமும் அவரே வந்து தண்ணீர் நிரப்புவார்.

என் தாடியைப் பற்றி அவர் கேட்டபோது மெட்ராஸ் தம்பி காரணத்தைச் சொல்லிவிட்டான். ஊர் சின்னது. சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ரொட்டிக்கடைக்காரம்மா என்னைப் பார்த்தால் தன் மோவாயைத் தடவிக் காட்டி, "இன்னும் இல்லையா?" என்பது போலக் கையை விரிப்பாள். நான் தலையை ஆட்டுவேன். ஊரே என் வீட்டுப் பிரசவத்துக்குக் காத்திருந்தது போல இருந்தது. ஊரே காத்திருக்கிறதே, கண் பட்டுவிடுமோ என்று அதற்கும் ஒரு பயம் எனக்கு.

ஒரு சாயங்காலம் தம்பி படியில் தடதடவென்று ஏறி வந்தான்.

"அண்ணா! பொண்ணு பொறந்திருக்கு! தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்களாம். இப்பதான் போன் வந்தது."

காஞ்சிபுரத்தில் கொடுத்த தந்தி எங்கெங்கோ சுற்றி, கடைசியில் எங்களை அனுப்பிவைத்த ஆபீஸ்காரர்கள் மூலம் வீட்டுக்காரம்மாவின் போனுக்கு வந்து சேர்ந்திருந்தது.

"நல்லா அழுதுதாமா? பால் குடிக்குதாமா? எப்படி இருக்குதாம், சின்னதா, பெருசா?"

"தந்தியில அதெல்லாம் வராது அண்ணா."

"மாசம் நெறையலையே இன்னும்…"

"மாப்ள!" என்று மச்சான் என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினார். "நல்லா இருக்குதுன்னு சொல்றான் இல்ல? ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, சும்மா இரு. தாடிய எடு."

அவர் உலுக்கியதில் என்ன ஆயிற்றோ, நான் சும்மா இருந்தேன். உண்மையாகவே. உடம்பில் எப்போதும் இறுகியே இருக்கும் ஏதோ ஒன்று விட்டுப்போனது. காலையில் எழுந்து சவரம் செய்தேன். கன்னம் குழந்தைக் கன்னம் போலச் சில்லென்று இருந்தது. குழந்தை பிறந்தால் சர்க்கரை கொடுக்க வேண்டும். போன தடவை பட்டது போதும், பொறுத்துக் கொடுக்கலாம் என்று எந்த நாளிலும் நினைக்கிறவன்தான் நான். அன்றைக்கு நினைக்கவில்லை. கடை திறப்பதற்கு முன்பே போய் வாசலில் நின்றேன்.

நான் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தபோது வீட்டுக்காரம்மாவின் போன் மறுபடி அடித்திருக்கிறது. குழந்தை இல்லை. தாய்க்கு ஒன்றுமில்லை. இதை இங்கேயே எழுதிவிடுகிறேன், பிறகு எழுதுவது எனக்கு இன்னும் கஷ்டம். மச்சான், தம்பி, வீட்டுக்காரம்மா மூன்று பேருக்கும் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரிந்தது மத்தியானம்.

கடையில் சர்க்கரை என்று எப்படிக் கேட்பது என்று தெரியாமல் நாக்கை நீட்டிச் சப்புக் கொட்டிக் காட்டினேன். கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஒரு பொட்டலத்தைப் பிரித்தால் கல்கண்டு! நம் ஊர்க் கோயிலில் கொடுக்கிற அதே கல்கண்டு, கொஞ்சம் பழுப்பாக, பெரிய பெரிய கட்டியாக. அங்கே டீயில் போட்டுக்கொள்வார்களாம். அதைக் கண்டதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை தூரத்தில், யாருக்கும் தெரியாத ஊரில், என் பெண்ணுக்காக யாரோ வாங்கி வைத்தது போல இருந்தது.

முதலில் தாய்மாமனுக்குத்தான் கொடுக்க வேண்டும். வீட்டுக்கு ஓடினேன். அடுக்களையில் மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். வீட்டுக்காரம்மா ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். மச்சான் என்னைப் பார்த்ததும் வாயைத் திறந்தார்.

"அப்படியே இருங்க மச்சான், மூடாதீங்க!" என்று சொல்லி ஒரு கட்டியை எடுத்து அவர் வாயில் போட்டேன்.

அவர் அதை மெல்லவில்லை. கன்னத்தில் அடக்கிக்கொண்டு அப்படியே நின்றார்.

"இன்னா மச்சான், தாய்மாமன் ஆயிட்டோம்னு பேச்சே வரலியா? சீர் செய்யணுமேன்னு பயமா?"

"ம்" என்றார்.

தம்பி எடுத்துக்கொள்ளத் தயங்கினான். "எடுத்துக்கோ தம்பி. குடுக்கறாரு இல்ல, எடுத்துக்கோ" என்று மச்சான் சொன்ன பிறகு எடுத்தான். வீட்டுக்காரம்மா ஒரு கட்டியை வாங்கி உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார். இன்னொரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். விடவில்லை. தனியாக இருக்கிறவர், பிள்ளை குட்டி என்றால் மனசு இளகத்தானே செய்யும் என்று எடுத்துக்கொண்டேன். அவரிடம் ஒரு தட்டுக் கேட்டு வாங்கி, கல்கண்டைக் கொட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். மச்சானும் தம்பியும் பின்னால் வந்தார்கள்.

ரொட்டிக்கடைக்காரம்மா என் முகத்தைப் பார்த்தவுடனேயே ஓவென்று கத்திக்கொண்டு மாவுக் கையோடு வெளியே வந்தாள். நான் ஒன்றுமே சொல்ல வேண்டியிருக்கவில்லை. தாடி இல்லாத மோவாயே சொல்லிவிட்டது. என் இரண்டு கன்னத்தையும் பிடித்து மாவாக்கிவிட்டாள். உள்ளே போய்ப் புருஷனை இழுத்து வந்தாள். அவர் ஒரு கட்டியை எடுத்து வாயில் போட்டு, கடைக்கு வந்திருந்தவர்களிடம் ஏதோ சொல்ல, அவர்கள் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். கடிகாரக் கடைப் பெரியவர் எடுத்துக்கொண்டார். தபால்காரர் சைக்கிளை நிறுத்தி எடுத்துக்கொண்டார். ஜன்னலில் பூத்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு பெண் கூடையைக் கயிற்றில் இறக்கினாள். அதில் இரண்டு கட்டி போட்டேன். மேலிருந்து முத்தம் கொடுப்பது போலக் கையைக் காட்டினாள்.

ஒரு வீட்டில் சுவரைப் பிரித்து வேலை நடந்துகொண்டிருந்தது. பூச்சை உதிர்த்திருந்ததால் கட்டைச் சட்டத்துக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தது. குச்சிகளை நிமிர்த்தி நட்டு, வளையும் கொம்புகளை அவற்றின் ஊடே முன்னும் பின்னுமாகக் கொடுத்து வாங்கி, அதன் மேல் வைக்கோல் கலந்த மண்ணை அப்பியிருந்தார்கள். நின்று பார்த்தேன்.

"மச்சான், இங்க பாருங்க! செவுத்த நெய்ஞ்சிருக்கான் மச்சான்! நிக்கிறது பாவு, குறுக்க போறது ஊடை. அதான் வுழாம நிக்கிது!"

வேறு நாளாக இருந்தால் மச்சான் அந்தச் சுவரை விட்டு நகர்ந்திருக்கமாட்டார். அன்றைக்கு "ஆமாப்பா" என்றார், அவ்வளவுதான். அந்தக் கொத்தனார் ஏணியை விட்டு இறங்கி, தொப்பியைக் கழற்றிவிட்டுக் கல்கண்டு எடுத்துக்கொண்டார். இவர் யார் என்று மச்சானைக் காட்டிக் கேட்டார். தாய்மாமன் என்று தம்பி சொன்னதும் கொத்தனார் மச்சானின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கி, முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். மச்சான் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. எதைப் பார்த்தாலும் கெட்டதாகவே தோன்றுகிற எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

கிடங்குக்கு வந்து சேர்ந்தபோது தட்டில் கொஞ்சம்தான் மீதி. கூட்டம் வரத் தொடங்கியிருந்தது. நான் மேடை ஏறி, தறியைத் தொட்டுக் கும்பிட்டு உட்கார்ந்தேன். மச்சான் ஏறவில்லை. மேடைக்குக் கீழே, தறியிலிருந்து எட்டத்தில் நின்றார்.

"வாங்க மச்சான். ஜனம் பாத்துக்கினு இருக்குது."

"நீ எறங்கு மாப்ள."

"ஏன்?"

"இன்னிக்கி வேணாம். எறங்கிடு. தறியத் தொடாத."

எங்கள் தெருவில் யாருக்கும் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. உறவில் சாவு என்று தெரிந்தவன் தலை முழுகாமல் தறியைத் தொடமாட்டான். காலையிலிருந்து தெருத் தெருவாக என் பின்னால் வந்த மனிதர், வாயில் போட்டதை வாங்கிக்கொண்ட மனிதர், கையைக் கொடுத்தவருக்கெல்லாம் கையைக் கொடுத்த மனிதர், இதை மட்டும் செய்யமாட்டேன் என்று நின்றார். நான் தறியிலிருந்து கையை எடுத்தேன்.

"யாரு?" என்றேன். "ரெண்டு பேருல யாரு?"

"அது நல்லா இருக்குது. எந்தங்கச்சி நல்லா இருக்குது. கொழந்ததான்."

மேடையிலிருந்து எப்படி இறங்கினேன் என்று ஞாபகம் இல்லை. கிடங்கின் பின்பக்கம் இருவரும் ஒரு கல்லில் உட்கார்ந்தோம். மச்சான் அப்போதுதான் அழுதார்.

"காலைலியே சொல்லத்தான் மாப்ள வாயத் தொறந்தேன். நீ கல்கண்ட போட்டுட்ட. உன் மூஞ்சி அந்த மாதிரி இருந்து நான் பாத்ததே இல்லப்பா. இந்தத் தெரு முடியட்டும், இந்தத் தெரு முடியட்டும்னு வந்துக்கினே இருந்தேன். தப்புன்னா என்ன அடி."

அடிப்பதற்கு என்ன இருக்கிறது? பிறந்த சேதி ஊரெல்லாம் சுற்றி வந்து சேர்வதற்குள்ளாகவே என் பெண் போய்விட்டாள் என்று பிறகு கணக்குப் பார்த்தபோது தெரிந்தது. மச்சான் என் தோளைப் பிடித்து உலுக்கிய அந்தச் சாயங்காலமே அவள் இல்லை.

தலை முழுக வேண்டும். வீட்டுக்குள் தொட்டியில் குளிப்பதற்கு மனசு வரவில்லை. மதிலுக்கு வெளியே ஒரு சின்ன ஆறு ஓடியது. கல் பாலத்துக்குப் பக்கத்தில் இறங்கப் படி இருந்தது. இருவரும் வேட்டியோடு இறங்கினோம். அந்தத் தண்ணீரின் குளிர் உடம்பில் அறுப்பது போல இருந்தது. மூன்று முழுக்குப் போட்டேன். நாங்கள் ஆற்றில் இறங்குவதைப் பார்த்துவிட்டு, காலையில் கல்கண்டு வாங்கிய சிலர் பாலத்தில் வந்து கூடினார்கள். பிள்ளை பிறந்ததற்கு எங்கள் ஊரில் இப்படி ஒரு சடங்கு போலிருக்கிறது என்று அவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். நான் தலையைத் தூக்கும்போது கை தட்டினார்கள். ரொட்டிக்கடைக்காரம்மா எல்லோரையும் விடச் சத்தமாகத் தட்டினாள்.

வீட்டுக்காரம்மா இரண்டு கம்பளியோடு படியில் இறங்கி வந்துகொண்டிருந்தார். பாலத்தை அண்ணாந்து பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னார். கை தட்டல் நின்றது. தொப்பி போட்டிருந்தவர்கள் தொப்பியை எடுத்தார்கள். ரொட்டிக்கடைக்காரம்மா தட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் இடுப்புத் துணிக்குள் சுருட்டிக்கொண்டாள். எனக்கு அவளைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது.

அதன் பிறகும் பல நாள் அங்கே இருக்க வேண்டியிருந்தது. தறியில் ஏற்றிய சேலையை நெய்து முடித்தோம். வழக்கமாகப் பேசிக்கொண்டே நெய்கிறவர்கள், பேசாமல் நெய்தோம். கூட்டம் வந்து நின்றது, ஆனால் முன்போலச் சத்தம் இல்லை. அந்தச் சாய்ந்த அறையில் படுத்துக்கொண்டு உத்தரத்தைப் பார்ப்பேன். விழுந்துவிடும் என்ற பயம் போய்விட்டிருந்தது. விழுந்தால் விழட்டும் என்றுகூட நினைக்கவில்லை. அதைப் பற்றி நினைப்பே வரவில்லை.

ஊருக்கு வந்து வீட்டு வாசலில் கால் வைத்ததும் அம்மா, "கடல் தாண்டாதேன்னு தலதலயா அடிச்சிக்கினேனே" என்று ஆரம்பித்தாள். உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "அத்த, அந்தப் பேச்ச வுடுங்க. கடலு ஒண்ணும் பண்ணல." அவள் அவ்வளவு அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. எனக்கு மட்டும், கடல் தாண்டியதால்தானோ என்ற கேள்வி இன்றுவரை முழுசாகப் போகவில்லை. அவள் அப்படிச் சொன்னதைப் பிடித்துக்கொண்டுதான் ஓட்டிவிட்டேன்.

என்னிடம் அவள் பல நாள் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு மத்தியானம், ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தாமல் கேட்டாள்.

"அங்க கல்கண்டு குடுத்தீங்களாமே. அண்ணன் சொல்லுச்சி."

செத்த பிள்ளைக்கு இனிப்புக் கொடுத்தவனே என்று அவள் சொல்லப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். "எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா தெரியாது" என்றேன்.

"அதக் கேக்கல. இங்க யாருக்கும் குடுக்கல. பதினோரு நாளு போவட்டும், போன தடவ மாதிரி ஆயிடப் போவுதுன்னு எங்கம்மா சொல்லிடுச்சி. பக்கத்து வூட்டுக்காரிக்கே அது போனப்பறம்தான் பொறந்ததே தெரியும்." ராட்டை நின்றது. "யாரு யாருக்குக் குடுத்தீங்க?"

சொன்னேன். கடையில் கல்கண்டைக் கண்டதிலிருந்து தொடங்கி, வீடு வீடாகச் சொன்னேன். அவள் நடுநடுவே நிறுத்திக் கேட்டாள். கூடையிலா இறக்கினாள்? எத்தனை போட்டீங்க? அந்த ரொட்டிக்காரிக்குப் பிள்ளைகள் இருக்கிறதா? கொத்தனார் அண்ணனை முதுகில் தட்டினதைச் சொன்னபோது அவளுக்குச் சிரிப்புக்கூட வந்துவிட்டது.

"எல்லாரும் சந்தோஷமாத்தானே வாங்கிக்கினாங்க?"

"சந்தோஷமாத்தான். அவங்களுக்குத் தெரியாது இல்ல."

"தெரியாம இருந்தா இன்னா. சந்தோஷம்தானே பட்டாங்க." நூலைச் சரிசெய்துகொண்டே, "பேரு கேட்டிருப்பாங்களே" என்றாள்.

கேட்டார்கள். அந்த ஊரில் பிறந்த அன்றே பெயர் வைத்துவிடுவார்களாம். ரொட்டிக்கடையில் அந்தம்மா கேட்டபோது, எங்கள் வழக்கப்படி இன்னும் நாள் இருக்கிறது, பெரியவர்கள் பார்த்து வைப்பார்கள் என்று தம்பி விளக்கத் தொடங்கினான். நான் அவனைத் தடுத்து ஒரு பெயரைச் சொன்னேன். யாரையும் கேட்காமல், யோசிக்காமல், வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். பிறகு அன்று காலை முழுக்கக் கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொன்னேன். அவர்களும் தங்களுக்கு வந்தபடி அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார்கள்.

இதை அவளிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. சொன்னேன்.

"இன்னா பேரு?"

அதையும் சொன்னேன். அவள் உதட்டை மட்டும் அசைத்து ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். பிறகு ராட்டையைச் சுற்றத் தொடங்கினாள்.

"நல்லாத்தான் இருக்குது" என்றாள். "இனிமே நமக்கு எது பொறந்தாலும் அந்தப் பேர வெக்க வேணாம். அது அதோடது."

பிறகு எங்களுக்கு இரண்டு பெண்கள் பிறந்தார்கள். இருவரும் தங்கினார்கள். வேறு பெயர்கள் வைத்தோம்.